என் நம்பரில் வந்த பினாங்கு

ஜூலை 3

ஜனவரியில் தரவேண்டிய டைரியை இன்றைக்குக் கொண்டுவந்து கொடுத்தான் ஹரிபாஸ்கர். பாதி வருஷம் காலியாகிவிட்டது. "சும்மா வச்சுக்கோங்கக்கா" என்றான். தூத்துக்குடி ஏரியாவுக்கு எங்கள் கடைக்குச் சரக்குத் தருகிற ஃபிரிட்ஜ் கம்பெனியின் ஆள் அவன்தான். சும்மா எதையும் கொடுக்கிற வம்சம் இல்லை. டைரிக்குப் பின்னாலேயே ஒரு ஸ்கீமை நீட்டினான்.

தீபாவளி வரைக்கும் அவர்கள் கம்பெனி ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி எது விற்றாலும் கம்பெனி ஆப்பில் விற்றவர் நம்பரில் பதிய வேண்டும். உச்ச டார்கெட்டைத் தொட்டால் நாலு நாள் டூர். முதலாளிக்கு இல்லை, கவுண்டரில் நிற்கிற எங்களுக்கு.

"எந்த ஊருடே?" என்று கேட்டார் டிவி விற்கிற சுடலை அண்ணன்.

"பினாங்கு, அண்ணாச்சி."

கையிலிருந்த துணி கீழே விழுந்தது என்றெல்லாம் எழுதமாட்டேன். விழவில்லை. நான் பாட்டுக்கு மெஷின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி புஷ்பம், தொடச்ச இடத்தையே எத்தனை தடவ தொடைப்ப?" என்று அண்ணன் கேட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

ஜூலை 6

ஞாயிறு. வினோ கூப்பிட்டாள்.

என் மகள் வினோதினி பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். அங்கிருந்து படகு ஏறினால் பினாங்கு. கல்யாணமாகிப் போய் மூன்று வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட வரவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். லீவே கொடுக்காத அப்படி என்ன கம்பெனியோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நானும் என் தொழில் புத்தியில், "என்ன மெஷின்டி வச்சிருக்கிய?" என்று கேட்டேன். "டாப் லோடும்மா. எட்டு கிலோ" என்றாள். பொங்கலுக்குக் கேட்டபோது ஏழு கிலோ என்றாள். மறந்திருப்பாள். எல்லாருக்கும் என்னைப் போல மெஷினே நினைப்பாக இருக்குமா?

ஸ்கீமைப் பற்றிச் சொல்லவில்லை. கிடைக்காத ஒன்றைச் சொல்லி அவளுக்கு ஆசை காட்டுவானேன்.

ஜூலை 19

இந்த டைரியை யாராவது எடுத்துப் படித்தால் தலையும் வாலும் புரியாது, அதனால் எழுதுகிறேன். எங்கள் கடையில் கம்பெனி ஸ்கீம் எது வந்தாலும் மூன்று பேர் விற்பதையும் என் நம்பரில்தான் போடுவோம். நான் வாஷிங் மெஷின், கிளாட்வின் ஃபிரிட்ஜ், சுடலை அண்ணன் டிவி. தனித்தனியாகப் போட்டால் மூன்று பேரும் கீழ்ப்படியிலேயே நிற்போம். ஒரே நம்பரில் போட்டால் ஏறிவிடலாம். ஆறு வருஷமாக இதுதான் நடைமுறை. முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி சாமி படத்துக்குப் பூ வைப்பார்.

என் நம்பர் ஏன் என்றால், வருஷா வருஷம் வருமான வரி ரிட்டர்ன் போட நான் ஒருத்திதான் அலைவேன். கம்பெனி கொடுக்கிற பணத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் தரும். பிடித்தது பிறகு ரீஃபண்டாகத் திரும்பி வரும். அதையும் பிரித்துக்கொள்வோம். டீக்கடையில் வைத்து, கையில். அவ்வளவுதான் எங்கள் சட்டம்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. கால் வீங்கிவிட்டது. எட்டு மெஷின்.

ஆகஸ்ட் 28

மதியம் பர்மிஷன் போட்டு ஆடிட்டர் ஆபீஸ் போனேன். மெடிக்கலுக்கு மேலே, ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. ஆடிட்டர் என்றைக்கும் இருக்கமாட்டார். பத்மபிரியாதான் எல்லாம். சின்னப் பிள்ளை, பட்டாசு மாதிரி பேசுவாள்.

"எக்கா, சம்பளத்துல பாதிக்கு மேல உங்களுக்குக் கம்பெனிப் பணமே வருது போல" என்றாள், ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு எங்க வருது? மூணா பங்கு வச்சிருவோம்."

"எழுதி வச்சிருக்கியளா?"

"டீக்கடையில வச்சுக் குடுக்கதுக்கு எழுத்து என்னத்துக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப கேட்டுக்கோங்க. முதலாளி குடுத்தா அது சம்பளம். இது கம்பெனி நேரா உங்களுக்குக் குடுக்கு, நீங்க அவங்க ஆளும் கிடையாது. அதனால இதர வருமானம். உங்க பான் நம்பர்ல வந்தா, சட்டத்துக்கு அது முழுசும் உங்களதுதான். மத்த ரெண்டு பேருக்கும் குடுத்தது நீங்களா மனசு வந்து குடுத்தது."

"அடி பாவி, என்னைய வள்ளலாக்கிட்டியே."

"சட்டம் அப்படித்தாம்க்கா பாக்கும்."

படியிறங்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. காகிதத்தில் நான் பெரிய கை. வீட்டில் மிக்ஸி ஜார் உடைந்து இரண்டு மாதம் ஆகிறது.

ஆனால் அவள் சொன்ன ஒரு சொல் காதிலேயே நின்றுவிட்டது. முழுசும் உங்களதுதான்.

செப்டம்பர் 14

வினோ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு "தூங்கிட்டேன்மா" என்று மெசேஜ். மத்தியானத்தில் தூங்குகிற பிள்ளை இல்லை அவள்.

அக்டோபர் 19

நாளைக்குத் தீபாவளி. கடையில் நிற்க இடமில்லை. ஏழு மணிக்கு ஒரு பெண் வீட்டுக்காரர்கள் சீர் சாமான் என்று மொத்தமாக எடுத்தார்கள். கிளாட்வின் ஃபிரிட்ஜைப் பதிந்ததும் ஆப்பில் பச்சையாக ஒரு விமானம் பறந்தது. உச்சப்படி!

"எக்கா, தொட்டாச்சு!" என்று கத்தினான். சுடலை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி இரண்டு ஆட்டம் ஆடினார். முதலாளி பூ வைக்கப் போய்விட்டார்.

நானும் சிரித்தேன். விமானம் மறைகிற வரைக்கும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 27

டூர் வேண்டாம் என்றால் பணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஹரிபாஸ்கர் சொல்லிவிட்டுப் போனான். மாசக் கடைசிக்குள் ஆப்பில் "பயணம்" அல்லது "பணம்" அழுத்த வேண்டும்.

கேள்வியே எழவில்லை. டீக்கடையிலேயே முடிந்துவிட்டது. கிளாட்வினுக்கு அவன் அப்பாவின் மீன்பிடி வள்ளத்துக்கு இன்ஜின் பார்க்க வேண்டும். ஆனியிலிருந்து கரையிலேயே கிடக்கிறது. சுடலை அண்ணனுக்குப் பல். நாலு பல் கட்ட வேண்டுமாம், "முறுக்கு தின்னு ஒரு வருசம் ஆச்சுடே" என்றார்.

"நீங்க என்னக்கா செய்வீய?" என்று கேட்டான் கிளாட்வின்.

"மிக்ஸி வாங்கணும்."

வேறு என்ன சொல்ல? டூரை மூன்று துண்டாக வெட்ட முடியுமா? அதில் பாதிக்கு மேல் அவன் விற்ற ஃபிரிட்ஜ். நியாயம் என்னவென்று எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை.

ராத்திரி பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வினோ போன அந்த மாதமே எடுத்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பக்கத்தில்கூட மை படவில்லை. போட்டோவில் நான் கொஞ்சம் இளமையாக இருக்கிறேன்.

அக்டோபர் 31

வழக்கம் என்னவென்றால் என் போனுக்கு ஓடிபி வரும். நான் சத்தமாகப் படிப்பேன், கிளாட்வின் கவுண்டர் டேப்லெட்டில் அடிப்பான்.

இன்றைக்கு அவன் டெலிவரி வண்டியோடு போயிருந்தான். டேப்லெட் சும்மா கிடந்தது. சாயங்காலம் வரை காத்திருந்தால் அவனே வந்து "பணம்" அழுத்தியிருப்பான். அதுவரை நான் காத்திருக்கவில்லை.

ஓடிபியை வாய்க்குள்ளேயே படித்து நானே அடித்தேன். "பயணம்." உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். பச்சை விமானம் மறுபடியும் பறந்தது.

எனக்கு என் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். போனில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, எல்லாம் சரி. அவள் தலையில் எண்ணெய் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் அப்பா இறந்த பிறகு அவளும் நானும் ஒரே பாயில்தான் படுத்தோம். கட்டில் வாங்கிய பிறகும் பாயில்தான். இப்போதும் நான் சுவர்ப் பக்கமாக ஒதுங்கியே படுக்கிறேன், பக்கத்தில் ஆளில்லாவிட்டாலும்.

நவம்பர் 1

சொல்லிவிட்டேன். டீக்கடையில்தான்.

கிளாட்வின் முதலில் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. பிறகு ஆப்பைப் பார்த்தான். ஹரிபாஸ்கருக்குப் போன் போட்டான். மாற்ற முடியாது, தேர்வு உங்கள் பான் நம்பரில் ஏறிவிட்டது, வேறு ஆளையும் அனுப்ப முடியாது என்றுவிட்டான் அவன்.

"எம் ஃபிரிட்ஜு, உங்க பேரு. நல்லா இருக்குக்கா" என்றான் கிளாட்வின்.

"உன் பங்க மாசாமாசம் சம்பளத்துல குடுத்துருதேன்டே."

"எங்க அப்பா வள்ளம் மாசாமாசமா கடலுக்குப் போவும்? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா? ஒரு வார்த்த கேட்டியளா?"

டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். சுடலை அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். "பிள்ளையப் பாக்கவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "பல்லு எங்கட்டி ஓடிப் போகப் போவுது, பொறவு கட்டிக்கிடலாம்" என்றார்.

அழக் கூடாது என்று நினைத்தேன். அழுதேன்.

நவம்பர் 5

கிளாட்வின் தனி நம்பரில் பதிய ஆரம்பித்துவிட்டான். என்னோடு பேச்சு இல்லை. கஸ்டமர் மெஷின் கேட்டால், "அந்த அம்மாகிட்ட கேளுங்க" என்கிறான். அக்கா போய் அம்மா ஆகிவிட்டேன்.

நவம்பர் 11

இன்னொரு இடி. ஹரிபாஸ்கர் வந்து, டிக்கெட் வேண்டும் என்றால் முதலில் வரி கட்டிய சலானைக் காட்ட வேண்டும் என்கிறான்.

"எப்பவும் நீங்கதான்யா பிடிச்சுக்கிடுவிய?"

"பணமா குடுத்தா அதுலயே பிடிச்சிருவோம்க்கா. டூர்ல எதப் பிடிக்க? பிளேன் சீட்டுல பத்துல ஒரு பங்க வெட்டி எடுத்துக்கிட முடியுமா? டூருக்கு என்ன மதிப்போ அதுக்குள்ள வரிய நீங்க கட்டணும். பொறவுதான் பலன உங்க கையில குடுக்கலாம்னு சட்டம்."

பலனாம். பத்மபிரியாவுக்குப் போன் போட்டேன். ஆமாம்க்கா என்றாள். உங்களுக்கு மொத்த வருமானம் குறைச்சல்தான், அடுத்த வருஷம் ரீஃபண்டில் திரும்ப வந்துவிடும், ஆனால் இப்போது கட்டியே ஆக வேண்டும் என்றாள். கையில் இருந்த போனஸை முந்தாநாள்தான் கிளாட்வினுக்கு முதல் தவணையாகக் கொடுத்திருந்தேன். வாங்கிப் பாக்கெட்டில் வைத்தான்.

நவம்பர் 20

வரி கட்டியாகிவிட்டது. பாதி என் சீட்டுப் பணம், பாதி சுடலை அண்ணன். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"ஆறு வருசமா வந்தத பங்கு போட்டம்லா? வரி மட்டும் உனக்குத் தனியாவா? நம்ம நம்பருட்டி அது" என்று திட்டினார்.

கிளாட்வின் பக்கத்தில்தான் ஃபிரிட்ஜுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். கேட்டிருக்கும். ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிவிட்டு, பிய்த்து, மறுபடி ஒட்டினான்.

டிசம்பர் 7

வினோவிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். கூத்தாடுவாள் என்று நினைத்தேன். எடுத்த எடுப்பில் நாள் கணக்குத்தான் கேட்டாள்.

"எத்தன நாளும்மா?"

"நாலு. போக வர நேரம் போக ரெண்டரைன்னு வச்சுக்கோ."

"வீட்டுக்கு வர வேண்டாம்மா. நான் வந்துருதேன், நீ இருக்க எடத்துக்கு."

வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்களாம். பிப்ரவரியில் டூர் என்று சொல்லியும் பெயின்ட் என்றாள். பெரிய வீடாக இருக்கும் போல.

டிசம்பர் 26

மழை. கடைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மூன்று பேரும் சேர்ந்து மெஷின்களைத் தூக்கி மேடையில் ஏற்றினோம். கிளாட்வினும் நானும் ஒரே மெஷினின் இரண்டு பக்கம் பிடித்தோம். "பாத்து" என்றான். அதுதான் கிட்டத்தட்ட இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை.

ஜனவரி 2

டைரி முடிந்துவிட்டது. புதுசு வாங்குவானேன்? முன்பாதி காலியாகத்தானே கிடக்கிறது. இனிமேல் அதில் எழுதுகிறேன். கிழமைதான் போன வருஷக் கிழமை, அதை அடித்துவிட்டால் போகிறது.

ஜனவரி 24

மேக்ரூன் இரண்டு கிலோ, முறுக்கு, கருப்பட்டி, நல்லெண்ணெய். நல்லெண்ணெயை நாலு கவர் போட்டுக் கட்டினேன். வத்தல் மாடி அறையில் மூட்டையாக இருக்கிறது. வினோவின் அறை அது. வெயில் நன்றாக விழும், அதனால் இப்போது வத்தல் காயப்போடுகிறேன். அவளுக்குக் கொஞ்சம் மோர் மிளகாய் வத்தல் எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 4

சென்னை ஏர்போர்ட். நாற்பது பேர், எல்லாருக்கும் கம்பெனித் தொப்பி. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். மூன்று வருஷமாகக் காத்திருந்த பக்கம். குத்திய ஆள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பிப்ரவரி 5

பினாங்கு. நம்ம ஊர் மாதிரியே உப்புக் காற்று. காலையில் மீட்டிங். ஒருத்தன் திரையில் கிராஃப் போட்டுக் கொட்டாவி வர வைத்தான். மத்தியானம் மலை ரயில். டூர் மேனேஜர் எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டான், கூட்டத்தை விட்டு யாரும் நகரக் கூடாதாம். நாளைக்கு மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை "ஷாப்பிங் நேரம்". அதுதான் எனக்குக் கிடைத்தது.

ஹோட்டல் ஜன்னலில் எதிர்க்கரை தெரிகிறது. விளக்கு விளக்காக இருக்கிறது. இதில் எது அவள் வீட்டு விளக்கு? படகு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. இறங்கி ஓடிப் போய் ஏறிவிட்டால் என்ன என்று தோன்றியது. தொப்பியைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

பிப்ரவரி 6

வந்தாள்.

கண்ணாடிக் கதவு வழியாக என்னைத் தேடினாள். நான் பார்த்துவிட்டேன், அவள் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் எழுந்திருக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். மெலிந்திருந்தாள். பிறகு "ஏ வினோ!" என்று கத்தியதில் லாபியே திரும்பியது.

என்னென்னவோ பேச வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். சோபாவில் உட்கார்ந்தோம். மேக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தேன். நாள்கணக்கில் பசித்துக் கிடந்தவள் மாதிரி தின்றாள். "மாப்பிள்ளைக்கு எடுத்து வையிட்டி" என்றேன். "அவருக்கு வேண்டாம்மா" என்றாள்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் உரிந்து, நகத்தைச் சுற்றி வெடித்திருந்தது. இருபது வருஷமாக மெஷின் விற்கிறேன். கவுண்டரில் கை வைக்கிற பொம்பளையின் விரலைப் பார்த்தே வீட்டில் மெஷின் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இது ஒரு வீட்டுத் துணி துவைத்த கை இல்லை, பத்து வீட்டுத் துணி துவைத்த கை.

"எட்டு கிலோ மெஷினாக்கும்" என்றேன்.

"ம்" என்றாள்.

பிறகு என் தோளில் சாய்ந்தாள். "ரெண்டு நிமிசம்மா" என்றவள் அப்படியே தூங்கிவிட்டாள். வேலை அலுப்பு. எழுப்பினால் பேசலாம். எழுப்பவில்லை. மணி நாலு ஆனது, நாலரை ஆனது. என் கை மரத்துப் போய்விட்டது, எடுக்கவில்லை. அவள் தலையில் எண்ணெயே இல்லை. பையில் நல்லெண்ணெய் இருந்தது, அந்தப் பெரிய ஹோட்டலில் எப்படி வைக்க? விரலால் முடியை மட்டும் கோதிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தேகாலுக்குத் தொப்பியோடு டூர் மேனேஜர் கூப்பிட வந்துவிட்டான். பதறி எழுந்தாள். "ஐயோ, தூங்கிட்டேனேம்மா! எழுப்பியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள்.

வாசல் வரை போனோம். படகுக்குத் திரும்புமுன் நின்று, "அம்மா, மாடி ரூம்ல இப்ப யாரு படுக்கா?" என்று கேட்டாள்.

"யாரு படுப்பா? வத்தல்தான் கெடக்கு."

"சரிம்மா" என்றாள். போய்விட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் ஐந்தரைக்கு அவளை எப்படி அந்தப் படகில் அனுப்பியிருப்பேன்? பையிலேயே இருந்துவிட்டது நல்லெண்ணெய். திரும்பக் கொண்டுவருகிறேன்.

பிப்ரவரி 10

கடை. எல்லாரும் டூர் எப்படி என்று கேட்டார்கள். மலை ரயில் நன்றாக இருந்தது என்றேன். கிளாட்வினுக்கும் சுடலை அண்ணனுக்கும் சாக்லேட். கிளாட்வின் எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் மாடி ஏறி வத்தல் மூட்டைகளைக் கீழே இறக்கினேன். சும்மாதான். எலி வருகிறது.

மார்ச் 1

மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். கொசுவலை வாங்கினேன், பெரியது. கோடைக்குக் கொசு அதிகம் வரும்.

மார்ச் 15

கிளாட்வினுக்குக் கடைசித் தவணை முடிந்தது. வள்ளத்துக்குப் பழைய இன்ஜினே வாங்கிவிட்டார்களாம், அவனாகச் சொன்னான். "அப்பா நேத்து சீலா மீனு கொண்டாந்தாரு" என்றான். நல்லது என்றேன். "எக்கா" என்று கூப்பிட்டானா இல்லையா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது.

ஏப்ரல் 9

கிளாட்வின்தான் கடையில் எல்லாருக்கும் போனில் டிக்கெட் பார்த்துக் கொடுப்பவன். இன்றைக்கு வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பினாங்குல இருந்து சென்னைக்கு ஒரு ஆளுக்கு என்னடே ஆகும்?"

"நீங்க திரும்பப் போறியளா?"

"அங்கேருந்து இங்க."

பார்த்தான். "ரிட்டர்ன் சேத்தாக்கா?"

"ரிட்டர்ன் வேண்டாம்."

போனில் இருந்த விரல் அப்படியே நின்றது. பிறகு விலையைச் சொன்னான்.

ஏப்ரல் 10

காலையில் முதல் ஃபிரிட்ஜ் விற்றதும் கவுண்டரிலிருந்து சத்தம் போட்டான்: "எக்கா, ஓடிபி சொல்லுங்க!"

என் போனைப் பார்த்தேன். வந்திருந்தது. என் நம்பரில் போட்டிருக்கிறான், இந்தக் கோடை ஸ்கீமுக்கு. பயணம் கிடையாது, இந்தத் தடவை பணம் மட்டும்தான். நம்பரைப் படித்தேன். பாதியில் தடுமாறி, இரண்டு தடவை படித்தேன். சுடலை அண்ணன் டிவி சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்தார்.

மே 31

வினோ மூன்று வாரமாக ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. மழை பெய்கிறதா, மீன் என்ன விலை, வெள்ளையடித்த சுவர் என்ன கலர் என்று கேட்கிறாள்.

ஜூன் 22

ஏணிப் படிக்கட்டு. பத்மபிரியா ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள். டூர் என் பெயரில் ஏறியிருக்கிறது: விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு மதிப்பு.

"கட்டின வரி திரும்ப வந்துரும்க்கா" என்றாள். "டூர்ல வேற ஏதும் பலன் கிடைச்சுதா? பரிசு, வவுச்சர், அது இது? இருந்தா சேர்க்கணும்."

யோசித்தேன். "ஒரு தொப்பி" என்றேன்.

"தொப்பி வேண்டாம்க்கா" என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். என் வலது தோள் அன்றைக்கு மரத்துப் போனது இன்னும் சரியாகவில்லை, அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஜூன் 29

ஸ்கீம் பணம் வந்தது, வரி பிடித்தது போக. டீக்கடைக்கு மூன்று பேரும் போனோம். நான் எடுத்துப் பிரிக்கப் போனேன். கிளாட்வின் என் கையை மடக்கிவிட்டான்.

"போன தடவ நீங்க கேக்கல. அதான் கோவம். இந்தத் தடவயும் நீங்க கேக்க மாட்டிய, எனக்குத் தெரியும். அதனால நாங்களே சொல்லுதோம், முழுசும் டிக்கெட்டுக்கு வச்சுக்கோங்க."

"எம் பல்லு இன்னும் ஓடிப் போவலட்டி, அங்கதாம் இருக்கு" என்றார் சுடலை அண்ணன், இல்லாத பல்லைக் காட்டி.

ஜூலை 2

டைரியில் இது கடைசிப் பக்கம். புரட்டினால் போன வருஷ ஜூலை 3, ஹரிபாஸ்கரும் அவன் ஸ்கீமும்.

வினோ கூப்பிட்டாள். ஞாயிறு இல்லை. எங்கேயோ ரோட்டில் நின்று பேசினாள், வண்டிச் சத்தம்.

"அம்மா, மாடி ரூம்ல வத்தல எடுத்துட்டியா?"

"எடுத்து அஞ்சு மாசம் ஆகப் போவுதுட்டி."

இரண்டு பக்கமும் அழுதோம், வாயைப் பொத்தாமல். பிறகு நான்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாஸ்போர்ட்டு உன் கையில இருக்கா, அத மொதல்ல சொல்லு" என்றேன். இருக்கிறது என்றாள். இடுப்பில் வைத்திருக்கிறாளாம்.

கிளாட்வினுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை டிக்கெட் இருக்கிறது, போட்டுவிட்டான். சென்னைக்குப் போய்க் கூட்டிவர முதலாளியிடம் லீவு சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் பாட்டில் அந்த நாலு கவரோடு அப்படியே இருக்கிறது, பிரித்து வைத்தேன். பாயை விரித்து, சுவர்ப் பக்கமாக ஒதுங்கிப் படுத்துப் பார்த்தேன். ரெண்டு பேருக்கு இடம் சரியாக இருக்கிறது.